மாட்டாஸ்பத்திரியில் தங்கிய சீலா மீன்

கோவில்பட்டிக்காரி ஒருத்தி கடல் மீனைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள் என்றால் எங்கள் தெருவில் யாரும் நம்புவதில்லை. நான் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பதாகத்தான் அம்மா சொல்லி வைத்திருந்தாள். அதில் பாதி உண்மை. மீன்களின் ஜீனோமைப் படிக்கும் ஓர் ஆய்வகத்தில் எனக்குக் கணினி முன்னால் உட்கார்ந்து எழுத்துகளைக் கோக்கும் வேலை. மீனைத் தொடவேண்டிய அவசியமே வந்ததில்லை, அந்த ஒரு தடவையைத் தவிர.

எங்கள் குழு அப்போது எடுத்திருந்தது சீலா மீன். தூத்துக்குடியில் சீலா, கன்னியாகுமரிப் பக்கம் நெய்மீன், சென்னைக்காரர்களுக்கு வஞ்சிரம். எந்தப் பெயரில் கேட்டாலும் விலை மட்டும் குறையாது. எந்த உயிரை எடுத்தாலும் அதை உருவாக்குவதற்கான குறிப்பு, உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நான்கே எழுத்துகளில் எழுதப்பட்டிருக்கிறது. அந்த நீண்ட எழுத்து வரிசை முழுவதும்தான் ஜீனோம். அதை ஒரே மூச்சில் படிக்க இயந்திரத்தால் ஆகாது. துண்டு துண்டாகப் படித்துத் தரும். துண்டு நீளமாக இருந்தால் கோப்பவளுக்குச் சுகம். மீன் செத்துச் சற்று நேரம் ஆனாலே துண்டுகள் நொறுங்க ஆரம்பித்துவிடும். ஆகவே உயிரோடு பிடித்து, அந்த இடத்திலேயே அறுத்து, திரவ நைட்ரஜனில் போட்டு உறைய வைக்க வேண்டும்.

வழக்கமாக அதற்குப் போகிற சக ஆய்வாளர் தன் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டார். எங்கள் குழுத் தலைவர் மலையாளி, கடலோரத்துக்காரர். அவர் என் விவரங்களைப் பார்த்துவிட்டு, "நீங்கள் தூத்துக்குடி மாவட்டம் அல்லவா? நல்லதாப் போச்சு. கடல் பழக்கம் இருக்கும்" என்றார்.

மாவட்டம் தூத்துக்குடிதான். ஆனால் கோவில்பட்டியில் தெரிகிற அலை பஸ் ஸ்டாண்டில் பண்டிகைக் கூட்டம் அடிக்கிற அலை மட்டும்தான். கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் கடலைக் கிட்டத்தில் பார்த்தேன். இதையெல்லாம் சொல்லாமல் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

தூத்துக்குடியில் மீன்பிடி வள்ளத்தில் ஏறியதும் என் கடல் பழக்கம் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. கரை மறைவதற்கு முன்பே குடித்த காபி வெளியே வந்துவிட்டது. தூண்டில் கயிற்றைப் பிடித்திருந்த பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "டீச்சர், தண்ணியப் பாக்காதீங்க. தூரத்துல வானம் தொடுற எடத்தப் பாருங்க" என்றார். அங்கே பார்த்தேன். அங்கேயும் வந்தது.

ஒரு வழியாகச் சீலா மாட்டியது. வெள்ளிக் கம்பியைப் போல் பளபளத்துக்கொண்டு மேலே வந்த மீன், தளத்தில் இரண்டு அடி அடித்துவிட்டு ஓய்ந்தது. வாந்தியை மறந்து, கையுறையை மாட்டிக்கொண்டு, செவுள், ஈரல், தசை, ரத்தம் என்று எடுத்துச் சின்னச் சின்ன மூடிக் குப்பிகளில் போட்டு, நைட்ரஜன் கேனுக்குள் இறக்கினேன். அதுதான் எனக்கே ஆச்சரியம். மீதி மீனைப் பெரியவர் எடுத்துக்கொண்டார். "படிச்சது போக மிச்சம் எங்களுக்கு" என்று சிரித்தார்.

ஆய்வகத்து ஜீப்பில் எட்டயபுரம் வழியாகத் திரும்பும்போது எனக்கு ஓர் ஆசை வந்தது. போகிற வழிதானே, அம்மா கையால் ஒரு வாய் ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டுப் பெங்களூர் போகலாமே! வயிற்றிலும் ஒன்றும் இல்லை. ஓட்டுநருக்கும் பசி. வீட்டு வாசலில் கேனை இறக்கி வைத்தபோதுதான் கவனித்தேன். கேனின் வெளிப்பக்கம் முழுக்க வெள்ளையாக உறைபனி பூத்திருந்தது.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது நல்ல அறிகுறி இல்லை. இந்தக் கேன் ஃபிளாஸ்க் மாதிரி. இரண்டு சுவர்களுக்கு நடுவே வெற்றிடம் இருக்கும். வெளியே பனி பூத்தால் அந்த வெற்றிடம் போய்விட்டது என்று அர்த்தம். உள்ளே இருக்கும் நைட்ரஜன் கொஞ்ச நேரத்தில் ஆவியாகப் போய்விடும். மூடி ஓரத்திலிருந்து அது புகைபுகையாகப் போய்க்கொண்டுதான் இருந்தது.

அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். "ஏட்டி, இதென்ன, பானைக்குள்ள சாம்பிராணி போட்டுக் கொண்டாந்திருக்க?"

"மீனும்மா."

"மீனு எதுக்கு இப்படிப் பொகையுது?"

சொன்னேன். முழுவதும் புரிந்ததோ இல்லையோ, அவசரம் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. நேராக ஃப்ரிட்ஜைத் திறந்து ஃப்ரீசரைக் காலி செய்ய ஆரம்பித்தாள். ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டிருந்த மல்லிகைப்பூ, பச்சைப் பட்டாணி, மறுநாள் கறிக்குழம்புக்கு அரைத்து வைத்திருந்த மசாலா எல்லாம் தரைக்கு வந்தன. "இங்கன வையி. எடம் இருக்கு."

"இந்தக் குளிரு பத்தாதும்மா."

"கல்லு மாதிரி உறையுது, பத்தாதாமே" என்று அவளுக்குக் கோபம். ஃப்ரிட்ஜைக் குறை சொன்னால் அவளைக் குறை சொன்ன மாதிரி.

கோவில்பட்டியில் திரவ நைட்ரஜனுக்கு எங்கே போவது என்று வாசல்படியில் உட்கார்ந்து யோசித்தேன். உயிரியல் படித்ததற்கு அன்றைக்குத்தான் பலன் கிடைத்தது. மாடுகளுக்குப் போடும் சினை ஊசி! காளையின் விந்தைக் குச்சி போன்ற மெல்லிய குழாய்களில் அடைத்து, திரவ நைட்ரஜனில்தானே வைத்திருப்பார்கள்? மாட்டாஸ்பத்திரிக்கு ஜீப்பைத் திருப்பச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை. கதவு பூட்டியிருந்தது. கதவில் பெயின்டில் எழுதியிருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். ஒரு பெண் குரல், பின்னணியில் ஒரு மாட்டின் குரல்.

"டாக்டர், எனக்குக் கொஞ்சம் திரவ நைட்ரஜன் வேணும். அவசரம்."

"மாடு எங்கன நிக்கி?"

"மாடு இல்ல டாக்டர். மீன்."

முதலில் மாடுதான் பதில் சொன்னது. பிறகு அவர் சொன்னார்: "நான் கழுகுமலைப் பக்கம் ஒரு தோட்டத்துல நிக்கேன். பசு சினைச் சூட்டுல இருக்கு, ஊசி போடாம விட்டுட்டு வர முடியாது. கேன் எங்கிட்டதான் இருக்கு. நீங்க இங்கன வாங்க. வந்து சொல்லுங்க, எனக்கு ஒண்ணும் புரியல."

தோட்டத்தில் வேப்பமரத்தடியில் ஒரு கலப்பினப் பசு கட்டியிருந்தது. டாக்டருக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். சுடிதாருக்கு மேல் ரப்பர் ஏப்ரன், தோள்வரை நீண்ட கையுறை. பக்கத்தில் அவருடைய ஸ்கூட்டர், அதன் காலடிப் பலகையில் ஒரு சின்ன நைட்ரஜன் கேன். நான் மூச்சு விடாமல் விஷயத்தைச் சொன்னேன். அவர் என் கேனின் உறைபனியை ஒரு பார்வை பார்த்ததும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

"குப்பி மூடி இறுக்கமா இருக்கா?"

"இருக்கு."

"அப்ப என் கேன்ல ஓரமா எடம் இருக்கு. இன்னிக்குக் காலையிலதான் நெரப்புனேன். மாத்திருவோம்."

பசுவின் சொந்தக்காரர் இதுவரை துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது முன்னால் வந்தார். "டாக்டரம்மா, அது என்னது?"

"மீனு அண்ணாச்சி. ஆராய்ச்சிக்கு."

"மீனா? நம்ம காள இருக்க கேனுக்குள்ளயா?"

"ஆமா."

"எம் மாடு ஏற்கெனவே ரெண்டு தடவ ஏமாத்திட்டு. இப்ப மீன வேற உள்ள விட்டு, பொறக்கது செதிலோட வந்துச்சுன்னா நான் யாருட்டப் போயி நிக்க?"

நான் குறுக்கிட்டு, இரண்டும் தனித்தனியாக மூடி போட்டவை, ஒன்றை ஒன்று தொடவே தொடாது என்று பொறுமையாக விளக்கினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரே வீட்டுல குடியிருந்தா பழக்கம் வந்துராதா?" என்றார்.

டாக்டர்தான் சமாதானம் செய்தார். முதலில் பசுவுக்கு உரிய குச்சியை எடுத்து ஊசி போட்டுவிடுவது, அதற்குப் பிறகே மீன் உள்ளே போவது. அண்ணாச்சி ஒப்புக்கொண்டார். அதுவரை என் கேன் புகைந்துகொண்டே இருக்க, நான் அதையும் பசுவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மேடம், சும்மாதான நிக்கீய? வால ஒரு பக்கமாப் பிடிச்சுக்கோங்க. சோலி சீக்கிரம் முடியும்" என்றார் டாக்டர்.

பிடித்தேன். டி.என்.ஏ. பற்றி நான்கு வருடம் ஆராய்ச்சி செய்தவள், அது ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குப் போகும் இடத்தை அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. பசு தன் அபிப்பிராயத்தை என் செருப்பின் மேல் போட்டது. அண்ணாச்சி வாளித் தண்ணீரை நீட்டினார். அதன் பிறகு நாங்கள் கொஞ்சம் ராசியாகிவிட்டோம்.

அந்தத் தடவையும் அந்தப் பசு சினை பிடிக்கவில்லை. மீன் காற்று பட்டதுதான் காரணம் என்று அண்ணாச்சி வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

குப்பிகள் இடம் மாறின. என் கேனின் அடியில் நைட்ரஜன் ஒரு டம்ளர் அளவுதான் மிச்சம் இருந்தது. நான் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். ஓட்டுநர் பெங்களூர் போய் வேறு கேன் கொண்டுவர வேண்டும். அதுவரை மீன் எங்கே இருப்பது? ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய கேன் இருந்தது. ஆனால் அதில் நைட்ரஜன் குறைந்துவிட்டது, அடுத்த வண்டி வரும்வரை அதைத் திறப்பதாக இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"இந்தக் கேன் என் பொறுப்பு. இத யாருட்டயும் குடுக்க மாட்டேன். நான் போற எடமெல்லாம் இது வரும். ஒங்க மீனும் வரும். மனசு கேக்கலன்னா நீங்களும் வாங்க."

மனசு கேட்கவில்லை. மறுநாள் காலையிலிருந்து அவருடைய ஸ்கூட்டரின் பின்னால் நான். முன்னால் காலடியில் காளைகளும் சீலா மீனும். மன்னார் வளைகுடாவில் நீந்திக்கொண்டிருந்த மீன் கரிசல் காட்டில் கம்பங்கொல்லைக்கும் உளுந்துக் காட்டுக்கும் நடுவே ஊர்வலம் போயிற்று. மதியத்துக்குள் நான் அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தேன்.

பசுவந்தனைப் பக்கம் ஒரு வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். எருமைக்கு வைத்தியம் பார்க்கப் போன இடம். எங்களைவிட வேகமாகச் சேதி போய்ச் சேர்ந்திருந்தது. அந்த வீட்டு மாமியார் எனக்குப் புரியாது என்ற நினைப்பில் மருமகளிடம், "சேப்பனா? ஆ டப்பாலோனா?" என்று கேட்டார். சேப்ப என்றால் மீன், டப்பாலோனா என்றால் டப்பாவுக்குள்ளேயா என்பது கோவில்பட்டிக்காரிக்குத் தெரியாதா? "ஆமா பாட்டி, சேப்பதான்" என்றேன். மருமகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

மீனைக் காட்டச் சொன்னார்கள். நான் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டுவதற்குள் அக்கா மூடியைத் திறந்து, குப்பிகளைப் போட்டு உள்ளே தொங்கவிட்டிருந்த குவளையைக் கேனின் கழுத்துவரை தூக்கிக் காட்டிவிட்டார். வெள்ளைப் புகை கொட்டியது. அதற்குள் சுண்டுவிரல் அளவில் ஒரு குப்பி.

மாமியார் எட்டிப் பார்த்தார். "இதுக்கா இம்புட்டு?"

மூடி மறுபடி விழுந்தது. வெளியே வந்ததும் அக்காவோடு சண்டை பிடித்தேன். "காட்டலன்னா அவிய எருமையக் காட்ட மாட்டாவ" என்றார். அவருக்கு அவர் தொழில்.

அன்று பிற்பகல் பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போகும்போது மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி தொடங்கியிருந்த சமயம். கரிசல் மண் நனைந்தால் என்ன ஆகும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் மட்கார்டு வரை அப்பிக்கொள்ளும். ஸ்கூட்டர் முதலில் ஆடியது, பிறகு யோசித்தது, பிறகு மெதுவாக இடது பக்கம் சாய்ந்தது. அக்கா ஹேண்டிலை விட்டார், என்னை விட்டார், கேனை மட்டும் கைப்பிள்ளையைப் போல் இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றுவிட்டார். நான் சேற்றில் முழங்கை வரை.

"கேன் நல்லாருக்கு!" என்று கத்தினார்.

"நான்?"

"நீங்க மண்ணுலதான விழுந்திருக்கீய. மெத்த மாதிரி இருக்கும்."

எனக்கு வந்த கோபம் சிரிப்பில் முடிந்தது. இரண்டு பேரும் சேர்ந்து குச்சியால் சக்கரத்து மண்ணைச் சுரண்டினோம். அக்கா கேனை அருகிலிருந்த மைல்கல்லின் மேல் வைத்து, மழை படாமல் தன் ரெயின்கோட்டைக் கழற்றி அதற்குப் போட்டுவிட்டார். நாங்கள் நனைந்தோம். மீன் நனையவில்லை.

புதிய கேன் வந்து சேர்ந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் குப்பிகளை மாற்றினோம். அக்கா ஒவ்வொரு குப்பியையும் எடுத்துத் தரும்போது உன்னிப்பாகப் பார்த்தார். "காள எதையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிராதீங்க. ஒங்க லேபுல கன்னுக்குட்டி பொறந்தா நான் ஜவாப்தாரி இல்ல." அம்மா அவருக்கு ஒரு டப்பா நிறையச் சீனிச் சேவு கொடுத்தனுப்பினாள்.

பெங்களூரில் டி.என்.ஏ. நன்றாக வந்தது. துண்டுகள் நீள நீளமாக, பார்க்கவே ஆசையாக இருந்தன. கோக்க ஆரம்பித்தேன். கோத்துக்கொண்டே வரும்போது, வேறு உயிரினத்தின் எழுத்துகள் ஏதாவது கலந்திருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். மனிதர்களுடையது கொஞ்சம் இருக்கும், கிருமிகளுடையது இருக்கும். அந்தத் தடவை பட்டியலில் வேறொன்றும் இருந்தது. பசுமாடு.

திரும்பவும் ஓட்டிப் பார்த்தேன். திரும்பவும் பசுமாடு. கொஞ்சம்தான், ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் மாடு.

மீன் எங்கே தங்கியிருந்தது என்பது ஆய்வகத்தில் எல்லோருக்கும் முதல் நாளிலிருந்தே தெரியும். கேட்க வேண்டுமா? நான் உள்ளே நுழைந்தாலே ஏதோ ஒரு மூலையிலிருந்து "ம்ம்மா" என்று சத்தம் வரும். தேநீர் இடைவேளையில் என் மேஜையில் ஒரு கட்டுப் புல் இருந்தது. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. "குப்பியின் மூடி சரியாக இருந்ததா? அந்த டாக்டரிடம் கேளுங்கள்" என்றார்.

இதை ஒரு வேடிக்கையாகத்தான் அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். அங்கே வேடிக்கையாகப் போய்ச் சேரவில்லை.

"ஏட்டி, என் கேன் மேலயா பழி போடுதிய?"

அதுவரை மேடம், நீங்க, வாங்க என்று பேசியவர். அம்மாவைப் போல் ஏட்டி என்று அவர் கூப்பிட்ட முதல் தடவை அது. பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

"இல்லக்கா, எங்க தலைவர்தான்..."

"என் குச்சி ஒண்ணுகூட ஒழுகாது. நான் எண்ணி வச்சிருக்கேன். எங்கன இருந்து மாடு வந்துச்சுன்னு நீங்க தேடுங்க. என் காளையத் தேடாதீங்க."

தேடினோம். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. மூடி இறுக்கமான குப்பிக்குள் எதுவும் நுழைய முடியாது என்று கழுகுமலைத் தோட்டத்தில் அண்ணாச்சிக்கு உத்தரவாதம் கொடுத்தவள் நான்தானே! கடைசியில் ஒரு யோசனை வந்தது. மீனே இல்லாமல், நாங்கள் சேர்க்கும் கலவைகளை மட்டும் இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்தோம். மாடு வந்தது! டி.என்.ஏ.யை இயந்திரத்துக்குள் விடும்போது சேர்க்கும் ஒரு கலவையில் மாட்டு ரத்தத்திலிருந்து எடுத்த புரதம் இருக்கும். அதனோடு ஒட்டிக்கொண்டு மாட்டின் டி.என்.ஏ.வும் துளி வந்திருக்கிறது. அதற்கு முன்பு படித்த மீன்களின் கணக்கைப் புரட்டினோம். அவற்றிலும் மாடு இருந்தது. அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, கணினி தானாகச் சலித்து எறிந்திருக்கிறது. சீலா மீன் மாட்டாஸ்பத்திரியில் தங்கியதால்தான் எல்லோர் கண்ணிலும் பட்டது.

அக்காவிடம் சொன்னேன். அவர் ஏற்கவில்லை. "நீ சொன்னா போதாது. பழி போட்டவிய சொல்லணும்."

தலைவர் நல்ல மனிதர். என் போனை வாங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "டாக்டர், உங்கள் காளை நிரபராதி."

ஸ்பீக்கரில் அக்காவின் பதில் அறை முழுக்கக் கேட்டது. "அது எனக்கு அப்பவே தெரியும் சார்."

மாட்டுத் துண்டுகளைச் சலித்துவிட்டு மீனைக் கோத்து முடிக்க இன்னும் பல மாதம் ஆயிற்று. உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி சீலாவின் ஜீனோமை இணையத்தில் ஏற்றிய வாரம் நான் விடுப்பில் கோவில்பட்டியில் இருந்தேன். அம்மா, "இத்தன நாளு படிச்சியே, அத ஒரு தடவ தின்னுதான் பாப்பமே. ஒங்க டாக்டரையும் கூப்பிடு" என்றாள். அக்காவும் நானும் மார்க்கெட்டுக்குப் போனோம்.

மீன் விற்கிற அம்மாள் பனிக்கட்டிக்கு மேல் ஒரு சீலாவைப் படுக்க வைத்திருந்தார். அக்கா சும்மா இருக்கமாட்டாமல், "இவியதான் இந்த மீனோட ஜீனோமப் படிச்சவிய" என்றார்.

"அப்படீன்னா?"

மீனுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பது என்றேன்.

"படிச்சா வெல எறங்குமா?"

"எறங்காது."

"பொறவு எதுக்கு?"

நான் விளக்கினேன். நம் கடலில் இருக்கும் சீலாவும் அந்தப் பக்கம் மேற்குக் கடலில் இருக்கும் சீலாவும் ஒரே கூட்டமா, வேறு வேறா என்பதைக் கண்டுபிடிக்க இது உதவும். அது தெரிந்தால்தான் எங்கே, எப்போது பிடிக்காமல் விட வேண்டும் என்று சொல்ல முடியும். குஞ்சு குளுவானோடு எல்லாவற்றையும் அள்ளிவிட்டால் பிறகு மீனே இருக்காது. ஆனால் ஜீனோம் கிடைத்துவிட்டது என்பதற்காக நாளைக்கே இதெல்லாம் தெரிந்துவிடாது, இன்னும் எத்தனையோ மீன்களைப் படித்து ஒப்பிட வேண்டும்.

அந்த அம்மாள் நான் சொல்லி முடிக்கும்வரை கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டார். பிறகு எனக்குப் பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தார்.

"நல்ல சோலிதான் தாயி. இப்ப தல வேணுமா, வேண்டாமா?"

தலையையும் போடச் சொன்னேன். அம்மா பாதியை வறுத்து, பாதியைக் குழம்பு வைத்தாள். முள் குறைவு, சதை கெட்டி, வாடையும் பெரிதாக இல்லை. எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. அக்கா கேட்காமலேயே சட்டியை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.